இரண்டாவது கையெழுத்து

மனைவி: நல்லா பாருங்க. கண்ணாடியைப் போட்டுக்கிட்டே பாருங்க. நான் யாரு?

கணவர்: நீ யாருன்னு எனக்குத் தெரியும்மா. ஆனா...

மனைவி: ஆனா?

கணவர்: தெரியும்ங்கிறது வேற, சரிபார்த்தேன்ங்கிறது வேற.

மனைவி: பத்தொன்பது வருஷமா ஒரே வீட்ல குடித்தனம் பண்றோம். ரெண்டு பிள்ளை பெத்தாச்சு. இன்னும் சரிபார்க்கலையா நீங்க?

கணவர்: அடையாள அட்டையை வச்சு சரிபார்க்கல. கல்யாணத்தப்ப யாரும் அட்டை கேக்கல.

மனைவி: கேட்டிருக்கணும். நானும் உங்ககிட்ட கேட்டிருப்பேன்.

கணவர்: மெதுவா பேசு. அங்க நம்ம ஆளுங்க நாற்காலி அடுக்கிட்டு இருக்காங்க...

மனைவி: கேக்கட்டுமே. கண்ணாடிக்கடை வச்சிருக்கிற மனுஷனுக்குக் கட்டின பொண்டாட்டி முகம் தெரியலைன்னு ஊரே தெரிஞ்சுக்கட்டும். நாளைக்கு எவன் வந்து உங்ககிட்ட கண்ணைக் காட்டறான்னு பார்க்கிறேன்.

கணவர்: இந்த விதி நான் போட்டதா? யார் வேணும்னாலும் திறந்து திருத்தலாம்ங்கிற கட்டற்ற மென்பொருள்காரங்க எங்க கூடினாலும் இதே வழக்கம்தான். ஒருத்தர் சாவிக்கு உத்தரவாதக் கையெழுத்து போடணும்னா, ஆளை நேர்ல பார்க்கணும், போட்டோ ஒட்டின அட்டையைப் பார்க்கணும், ரெண்டும் ஒரே ஆளுதான்னு...

மனைவி: போதும். இதைக் காலையில மேடையிலயே சொல்லிட்டீங்க. கம்ப்யூட்டர்ல இருக்கிற ரகசிய சாவி என்னுதுதான்னு ரெண்டு பழைய உறுப்பினருங்க கையெழுத்து போடணும். அப்பத்தான் என்னைச் சேத்துப்பாங்க. நம்ம உறுப்பினர் தையல்காரர் ஒண்ணு போட்டுட்டார். இன்னொண்ணு வேணும். ஆறு மணிக்குப் புது உறுப்பினர் பட்டியலை மூடறாங்க. இப்ப மணி நாலே கால்.

கணவர்: நாலு பன்னெண்டு.

மனைவி: ரொம்ப முக்கியம்!

கணவர்: இல்ல, சும்மா சொன்னேன்... இந்தத் தடவை இல்லைன்னா அடுத்த தடவை சேர்ந்துக்கலாமே?

மனைவி: அடுத்த தடவைன்னா ரெண்டு வருஷம். டெலிபோன் ஆபரேட்டர் அம்மாகிட்ட நீங்களே வந்து சொல்றீங்களா?

கணவர்: அவங்களை ஏன் இழுக்கிற?

மனைவி: இத்தனையும் அவங்களுக்காகத்தானே? பார்வை இல்லாதவங்க. நூலகத்துக்கு வந்தா அவங்களுக்குக் கண்ணு நானும் அந்தக் கம்ப்யூட்டரும்தான். அது என்னடான்னா, பத்துக்குப் பக்கத்துல ஒரு கோடு போட்டு முப்பதுன்னு நேரம் எழுதியிருந்தா, 'பத்து கழித்தல் முப்பது'ன்னு சத்தமா வாசிக்குது. ஆஸ்பத்திரியில அவங்களுக்கு அப்படித்தான் நேரம் குடுத்திருந்தாங்க. 'மைனஸ் இருபது மணிக்கு நான் எந்த பஸ்ல போறது'ன்னு என்கிட்ட கேக்கறாங்க.

கணவர்: கழிச்சது சரிதான்.

மனைவி: சிரிக்காதீங்க. அந்த வாசிக்கிற மென்பொருள்ல அந்த மாதிரி நானூத்திப் பதினேழு இடம். ஒண்ணரை வருஷமா உக்காந்து திருத்தி வச்சிருக்கேன். உறுப்பினர் ஆனாத்தான் அதை உள்ள அனுப்ப முடியும். அதுக்கு ஒரே ஒரு கையெழுத்து.

கணவர்: தெரியும்மா... சரி, அட்டையைக் காட்டு.

மனைவி: இந்தாங்க.

கணவர்: இது நூலக அட்டை.

மனைவி: போட்டோ இருக்கு, முத்திரை இருக்கு, கையெழுத்து இருக்கு.

கணவர்: கையெழுத்து யாரோடது?

மனைவி: நூலகரோடது.

கணவர்: நூலகர் யாரு?

மனைவி: ...நான்தான்.

கணவர்: உனக்கு நீயே குடுத்த அட்டை. இதை ஒத்துக்கிட்டா நாளைக்கு நான் எனக்கே கண்ணு நல்லா இருக்குன்னு சீட்டு எழுதிக்குவேன்.

மனைவி: அப்ப இது?

கணவர்: பாஸ்போர்ட்டா? எப்ப எடுத்துட்டு வந்த?

மனைவி: ஏன், முகம் அப்படிப் போகுது? சந்தோஷமா வாங்கிப் பாருங்க.

கணவர்: காலாவதி ஆகியிருக்குமே...

மனைவி: அடுத்த வருஷம் வரைக்கும் இருக்கு.

கணவர்: போட்டோ உன்னை மாதிரி இல்லையே.

மனைவி: ஒன்பது வருஷத்துக்கு முந்தின போட்டோ. அப்ப உங்களுக்குத் தலையில முடி இருந்துச்சு. நான் எதாவது கேட்டேனா?

கணவர்: இதுல உங்கப்பா பேர் இருக்கு. சாவியில...

மனைவி: சாவியிலயும் எங்கப்பா பேர்தான். நீங்கதான் உக்காந்து அடிச்சுக் குடுத்தீங்க. மாமனார் பேருக்கு ரெண்டு எழுத்துப் பிழை வேற விட்டீங்க, நான் திருத்தினேன்.

கணவர்: லேப்டாப்ல சார்ஜ் இருக்கோ இல்லையோ...

மனைவி: எழுபத்தெட்டு சதவீதம். மத்தியானமே நான் மாட்டி வச்சேன்.

கணவர்: இன்டர்நெட் காலையில இருந்து...

மனைவி: என் போன்ல இருந்து தர்றேன். அப்புறம்?

கணவர்: அப்புறம்... கையெழுத்து போட என் சாவியை பாஸ்வேர்டு அடிச்சுத்தான் திறக்கணும், அதைப் பொது இடத்துல அடிக்கக் கூடாது. யாராவது பின்னாடி நின்னு பார்ப்பாங்க.

மனைவி: சரி. நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நிக்கிறேன். நாற்காலி அடுக்கறவங்களையும் திரும்பி நிக்கச் சொல்றேன். அடிங்க.

கணவர்: ...

மனைவி: அடிச்சாச்சா?

கணவர்: ...

மனைவி: என்னங்க. ஒரு சத்தமும் காணோம்.

கணவர்: மறந்துட்டேன்.

மனைவி: எதை?

கணவர்: பாஸ்வேர்டை.

மனைவி: எப்ப?

கணவர்: எட்டு மாசம் இருக்கும்.

மனைவி: இன்னைக்குக் காலையில மேடையில என்ன தலைப்புல பேசினீங்க?

கணவர்: அது வந்து...

மனைவி: சொல்லுங்க.

கணவர்: 'மறக்கவே முடியாத கடவுச்சொல் அமைப்பது எப்படி.'

மனைவி: எத்தனை நிமிஷம்?

கணவர்: நாப்பது. கைத்தட்டல் வேற.

மனைவி: நான்தான் முதல்ல தட்டினேன்.

கணவர்: அந்த வழிமுறை நிஜமாவே நல்ல வழிமுறைம்மா. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத ஏழு வார்த்தையை எடுத்துக் கோத்துக்கணும். எவனாலயும் கண்டுபிடிக்க முடியாது.

மனைவி: உண்மைதான். உங்களாலயே முடியல.

கணவர்: அஞ்சு வார்த்தை ஞாபகம் இருக்கு. ஒட்டகம், ஏணி, சுண்ணாம்பு...

மனைவி: குடை, தபால்காரர்.

கணவர்: ஏய்! அது எப்படி உனக்கு...

மனைவி: தூக்கத்துல சொல்றீங்க. பக்கத்துல படுத்திருக்கிறது யாருன்னு நீங்க சரிபார்க்கலைன்னாலும் எனக்குக் காது கேக்கும். 'ஒட்டகம், ஏணி...' அப்புறம் ஒரு பெருமூச்சு. முதல் வாரம் உங்களுக்குக் காய்ச்சல்னு நினைச்சேன்.

கணவர்: அப்ப உனக்கு எல்லாம் தெரியுமா?

மனைவி: தெரியும்.

கணவர்: தெரிஞ்சுக்கிட்டே பாஸ்போர்ட், சார்ஜ், சுவர்னு என்னை இந்தப் பாடு படுத்தினியா?

மனைவி: நீங்களே வாயைத் திறந்து சொல்வீங்கன்னு பார்த்தேன். எட்டு மாசமா பாவம்னு விட்டேன். இன்னைக்கு ஒரு நாள்தான் படுத்தினேன். மறந்துபோனா எடுக்கிறதுக்கு ஏதோ நகல் வச்சிருப்பீங்களே? அதையும் காலையில சொன்னீங்க, 'நகல் வைக்காதவன் முட்டாள்'னு.

கணவர்: வச்சிருக்கேன். பத்திரமா வச்சிருக்கேன்.

மனைவி: எங்க?

கணவர்: ஒரு ஃபைல்ல. அதைப் பூட்டியிருக்கேன்.

மனைவி: எந்த பாஸ்வேர்டு போட்டு?

கணவர்: ...அதே ஒட்டகம்தான்.

மனைவி: ஐயோ, என் ராசா.

கணவர்: சிரி. நல்லா சிரி. இந்த ஊர்ல இந்தக் கூட்டத்தை ஆரம்பிச்சதே நான். பதினாலு வருஷம். எத்தனை பேர் சாவிக்குக் கையெழுத்து போட்டிருக்கேன். இப்ப எழுந்து நின்னு, 'மக்களே, என் சாவி தொலைஞ்சு போச்சு, நானும் உங்களை மாதிரி புதுசா வரிசையில நிக்கிறேன்'னு சொல்லணும். எப்படிச் சொல்றது?

மனைவி: இப்ப என்கிட்ட சொன்னீங்களே, அப்படித்தான்.

கணவர்: அது கூடப் பரவாயில்ல. உன் வேலை... என் மறதியால உன் நானூத்திப் பதினேழும் நிக்குது பாரு. அதைத்தான் என்னால தாங்க முடியல.

மனைவி: முதல்ல தண்ணி குடிங்க. கையெழுத்து போடற தகுதி இந்த ஊர்ல வேற யாருக்கு இருக்கு?

கணவர்: தையல்காரர் ஏற்கெனவே போட்டுட்டார். வெளியூர்ல இருந்து வந்தவங்க மூணு மணி வண்டிக்குக் கிளம்பிட்டாங்க. அப்புறம்... இல்ல, வேற யாரும் இல்ல.

மனைவி: லிஃப்ட் மெக்கானிக் இருக்காரே.

கணவர்: அவர் பேச்சு இப்ப எதுக்கு?

மனைவி: சும்மா கேட்டேன். ஆறு வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் இந்தக் கூட்டத்தை நீங்க ரெண்டு பேரும் சேர்ந்துதானே நடத்துனீங்க.

கணவர்: அவர் கோவிச்சுக்கிட்டுப் போன அன்னைக்குப் புரொஜெக்டர் ஓடல. மண்டபத்துல எண்பது பேர் இருட்டுல உக்காந்திருக்காங்க. கம்பெனிக்காரன் குடுக்கிற மூடுன சாஃப்ட்வேரைப் போட்டாத்தான் படம் தெரியும்னு ஆயிடுச்சு. போட்டேன். படம் தெரிஞ்சுச்சு.

மனைவி: அவர்கிட்ட சொல்லாமப் போட்டீங்க.

கணவர்: சொன்னா விடுவாரா? 'கட்டற்ற மென்பொருள் கூட்டத்துல கட்டிப்போட்ட மென்பொருளா'ன்னு நடுக்கூட்டத்துல எழுந்து கேட்டுட்டு, பையை எடுத்துக்கிட்டு அவர் பாட்டுக்குப் போயிட்டார். அன்னைக்குப் போனவர்தான்.

மனைவி: நீங்களும் போய்க் கூப்பிடல.

கணவர்: அவரும் வரல. ஆனாலும்... நல்ல மனுஷன்தான்.

மனைவி: இப்ப என்ன சொன்னீங்க?

கணவர்: ஒண்ணும் சொல்லல.

மனைவி: 'நல்ல மனுஷன்'னு சொன்னீங்க. ஆறு வருஷத்துல முதல் தடவை.

கணவர்: தும்மல் மாதிரி வந்துடுச்சு, விடு. மணி என்ன?

மனைவி: நாலே முக்கால். அஞ்சரைக்கு மண்டபத்தைக் காலி பண்ணணும். சாவியை வாட்ச்மேன்கிட்ட குடுக்கணும்.

கணவர்: அப்ப இந்த பேனரைக் கழட்டிடலாம். நீ அந்தப் பக்கத்து முடிச்சை அவிழ், நான் இந்தப் பக்கம். அவசரப்படாம அவிழ். கயிறு அறுந்துடப் போகுது.

மனைவி: எனக்கென்ன அவசரம்? நீங்களும் நிதானமாவே அவிழுங்க.

கணவர்: ...

மனைவி: ...

கணவர்: ஏம்மா, நீ அவிழ்க்கலையே. திரும்பக் கட்டற.

மனைவி: நீங்க மட்டும்? அதே கயிறை மூணு தடவை அவிழ்த்து மூணு தடவை சுத்தியாச்சு.

கணவர்: இது கொஞ்சம் சிக்கலான முடிச்சு.

மனைவி: என்னுதும்தான்.

கணவர்: வாசலையே ஏன் பார்த்துட்டு இருக்க?

மனைவி: காத்து வருது, அதான். நீங்க ஏன் பார்க்கறீங்க?

கணவர்: எனக்கும் காத்துதான்.

மனைவி: என்னங்க... படியில யாரோ வர்ற மாதிரி இருக்கு.

கணவர்: வாட்ச்மேனா இருக்கும்.

மனைவி: வாட்ச்மேனுக்கு இவ்வளவு மூச்சு வாங்காது.

மெக்கானிக்: மூணு மாடி. மூணு மாடியும் ஏறியே வந்திருக்கேன். லிஃப்ட் ஓடாத கட்டடத்துல கூட்டம் போட்டிருக்கீங்க. என்னை வெறுப்பேத்தறதுக்குன்னே பிடிச்ச இடமா?

கணவர்: வாய்யா... வாங்க. உக்காருங்க.

மெக்கானிக்: இருங்க. முதல்ல ஒண்ணு தெரிஞ்சாகணும். அந்தப் புரொஜெக்டர் எந்த சாஃப்ட்வேர்ல ஓடுது?

கணவர்: கட்டற்றதுதான். நாலு வருஷமா. நானே எழுதினேன்.

மெக்கானிக்: நீங்களேவா?

கணவர்: நீங்க போனப்புறம் ரெண்டு வருஷம் ஆச்சு, எழுதி முடிக்க. படம் கொஞ்சம் பச்சையா தெரியும். ஆனா தெரியும்.

மெக்கானிக்: பச்சையா தெரிஞ்சா என்ன... அப்ப உக்காரலாம். தண்ணி இருக்கா?

மனைவி: இந்தாங்க அண்ணே. மெதுவா குடிங்க.

மெக்கானிக்: ஆறு மணிக்குப் பட்டியலை மூடறாங்களாமே. பேச்சை அப்புறம் வச்சுக்கலாம். அட்டையைக் குடுங்கம்மா. முகத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்புங்க. இந்தப் பக்கம்... ம். போட்டோல மூக்குத்தி இல்லையே.

மனைவி: நூலகர் வேலை கிடைச்சப்புறம் குத்தினது.

மெக்கானிக்: மூக்கு அதே மூக்குதான். பேர் சரி. பிறந்த தேதி சரி. சாவி எண்ணை வாசிங்க, நான் சரிபார்த்துட்டே வர்றேன்... ம்... ம்... கடைசி நாலு மறுபடியும்... சரி. இப்ப எல்லாரும் திரும்பி நில்லுங்க, நான் பாஸ்வேர்டு அடிக்கணும்.

கணவர்: ஞாபகம் இருக்கா உங்களுக்கு?

மெக்கானிக்: இருக்காமப் பின்ன? திரும்புய்யா... ஆச்சு. போயிடுச்சு. அஞ்சு பத்து. இப்ப போய் உங்க பேரைப் பாருங்கம்மா.

மனைவி: இருங்க, வருது... வந்துடுச்சுங்க! ரெண்டு கையெழுத்தும் காட்டுது. 'சேர்க்கப்பட்டார்'னு இருக்கு. என்னங்க, இதைப் பாருங்களேன்!

கணவர்: கண்ணாடி மங்கலா இருக்கும்மா. வாசிச்சுச் சொல்லு.

மனைவி: கண்ணாடியில ஒண்ணும் மங்கல் இல்ல. துடைங்க கண்ணை.

கணவர்: அது சரிங்க... இத்தனை வருஷம் கழிச்சு, இன்னைக்குன்னு பார்த்து, சரியான நேரத்துக்கு நீங்க எப்படி இந்தப் பக்கம்? வேலை விஷயமா வந்தீங்களோ?

மனைவி: அதானே. எனக்கும் ஆச்சரியமா இருக்கு. பட்டியல் மூடற நேரமெல்லாம் உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?

மெக்கானிக்: நடிக்காதீங்க ரெண்டு பேரும். மத்தியானம் ஒண்ணு பத்துக்கு இந்த மனுஷன் போன் பண்ணி, 'என் சாவி போச்சுய்யா, அவ உழைப்பு அதோட போயிடக் கூடாது, நான் செஞ்சது தப்புதான், வந்து ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போ, நான் கூப்பிட்டேன்னு அவகிட்ட மட்டும் சொல்லிடாத'ன்னார். ஒண்ணு இருபதுக்கு நீங்க போன் பண்ணி, 'கையெழுத்து கிடக்கட்டும்ண்ணே, அவர் எட்டு மாசமா உள்ளுக்குள்ளயே புழுங்கறார், சொல்லிக்க ஒரு ஆள் இல்ல, நீங்க வந்து பக்கத்துல உக்காருங்க, நான் கூப்பிட்டேன்னு அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க'ன்னீங்க. ரெண்டு பேருக்கும் சத்தியம் பண்ணிக் குடுத்துட்டுத்தான் கிளம்பினேன், இப்ப ரெண்டையும் மீறறேன், மன்னிச்சுக்குங்க... ஆறு வருஷமா இந்தக் கூட்டத்துக்கு வான்னு ஒருத்தர் கூப்பிடலையேன்னு உக்காந்திருந்தேன், இன்னைக்குப் பத்து நிமிஷத்துல ரெண்டு பேர்.