அண்ணன் மட்டும் கேட்டால் போதும்

படப்பிடிப்புக்கு ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் நான் முதலில் ஃப்ரிட்ஜைத்தான் அணைப்பேன். அதன் உறுமல் நம் காதுக்குப் பழகிவிடும், மைக்குக்குப் பழகாது. அணைத்த கையோடு பைக் சாவியை அதற்குள் வைத்துவிடுவேன். கிளம்பும்போது சாவியைத் தேடினால்தானே ஃப்ரிட்ஜைத் திரும்பப் போட ஞாபகம் வரும். இத்தனை வருட ஒலிப்பதிவில் யார் வீட்டுப் பாலும் என்னால் திரிந்ததில்லை. எதற்குச் சொல்கிறேன் என்றால், மேடம், நான் கவனக்குறைவான ஆள் இல்லை. அன்றைக்குப் பதிவாகாமல் போனதற்குப் பேட்டரியைக் காரணம் சொன்னேன். பேட்டரி நன்றாகத்தான் இருந்தது.

உங்கள் படத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நீச்சல் பயிற்சி விடுதியில் சின்ன வயதில் கோச்சிடம் சீரழிந்த மூன்று பையன்கள், ஆளான பிறகு எப்படி வாழ்கிறார்கள் என்று எடுக்க வந்தீர்கள். நல்ல காரியம். டிரைவராக இருப்பவன், பின்சீட்டிலிருந்து யாராவது தோளைத் தொட்டால் வண்டியை ஓரம் கட்டிவிடுகிறான். கண்ணாடி போட்டவன் இன்னும் கதவைத் தாழ்போட விடுவதில்லை, பெண்டாட்டியோடு அதற்காகவே சண்டை. மூன்றாவது ஆள் என் தம்பி.

அவனை உங்களிடம் கூட்டி வந்தவனும் நான்தான். "இப்படி ஒரு அண்ணன் யாருக்குக் கிடைப்பான்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன், அடக்கம் என்று நினைத்திருப்பீர்கள். இப்படி ஒரு படம் வருகிறது என்று தெரிந்ததுமே அவன் வாயைத் திறக்கப்போகிறான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. எவன் காதிலோ விழுவதற்கு முன்னால் என் காதில் விழட்டும் என்று, கையில் இருந்த வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தேன்.

அவன் நன்றாகப் பேசினான். காலர் மைக்கை நானே அவன் சட்டையில் குத்திவிடுவேன், அவனும் தாடையைத் தூக்கிக் காட்டுவான். கோச்சின் அறையைப் பற்றிச் சொன்னான். மற்ற இருவருக்கும் நடந்ததற்கு அவன்தான் சாட்சி என்று நீங்கள் சந்தோஷப்பட்டீர்கள். போலீஸ் புகாரே அவன் சொல்லில்தான் நிற்கும் என்று வக்கீல் சொன்னாராம். "அந்த ரூமுக்கு நானா போகல மேடம். ஒருத்தர் வந்து எழுப்பி அனுப்புவாரு" என்றான். யார் என்று கேட்டீர்கள். நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டான்.

டீ குடிக்க வெளியே போனவன் மைக்கைக் கழற்ற மறந்துவிட்டான். இந்தத் தொழிலில் இது சகஜம், நாங்கள் எவ்வளவோ கேட்டிருக்கிறோம், காதோடு விட்டுவிடுவோம். அவன் டிரைவரிடம் சொன்னது அப்படித்தான் என் ஹெட்ஃபோனில் விழுந்தது.

"அண்ணன்தான்டா. நேர்ல கேக்க வாய் வரல. காதுல ஹெட்ஃபோன மாட்டிட்டு உக்காந்திருப்பான்ல, ஓடவும் முடியாது. அப்பச் சொல்லிடறேன்."

டிரைவர் இதை உங்களிடம் சொல்லியிருப்பான். இல்லாவிட்டால் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்திருக்க மாட்டீர்கள்.

மறுநாள் அவன் கேட்டதை நீங்கள் அப்படியே ஒப்புக்கொண்டீர்கள். "யாரும் எதிர்ல இருக்க வேணாம் மேடம். கேமராவ ஓட விட்டுட்டுப் போங்க. அண்ணன் மட்டும் கேட்டா போதும்." மரியாதைக்காக உங்கள் ஹெட்ஃபோனையும் கழற்றி வைத்துவிட்டு மாடிக்குப் போனீர்கள். நான் நடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். பதிவு பொத்தானை அழுத்தவில்லை. கேமராவுக்குப் போகும் ஒலியையும் இறக்கிவிட்டேன். தம்பியுடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள். நான் அந்தத் தம்பிக்குத்தான் அஞ்சினேன்.

விடுதியில் எங்கள் அறைக்கு நான்தான் லீடர். விடிவதற்கு முன் பையன்களைப் பயிற்சிக்கு எழுப்புவது என் வேலை. அவனை மட்டும் மற்றவர்களுக்கு முன்னால் எழுப்புவேன். "கோச் கூப்பிடறாரு, சத்தம் போடாம போ" என்பேன். அவன் போன பிறகு அவன் போர்வையை மடித்து வைப்பேன். இதையெல்லாம் அவன் சொன்னான். போர்வை உட்பட ஞாபகம் வைத்திருந்தான்.

திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் ஒருவேளை பதிவு செய்திருப்பேன்.

"அண்ணா, உன்மேல எனக்குக் கோவம் இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. இப்ப இல்ல. அப்ப நீயும் சின்னப் பையன்தான். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். உனக்கும் நடந்துச்சாண்ணா?"

அவன் அழுத சத்தம் மைக்கில் தெளிவாக வந்தது. பிறகு கதவைத் திறந்து வெளியே வந்தான்.

"கேட்டியாண்ணா?"

"பேட்டரி போயிடுச்சுடா. எனக்கு ஒண்ணும் கேக்கல. இன்னொரு தடவ சொல்லிடு."

என் மடியிலிருந்த ஒலிப்பதிவுப் பெட்டியைப் பார்த்தான். அதில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. மைக்கைக் கழற்றினான், நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே ஒயரைச் சிக்கல் விழாமல் சுற்றி என் கையில் கொடுத்தான். "சரிண்ணா" என்றான். அன்றைக்கே தங்கியிருந்த அறையைக் காலி செய்துவிட்டான், போனையும் அணைத்துவிட்டான். அவன் இல்லாமல் புகார் நிற்காது என்றும், கோச் இந்த வருடமும் பையன்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார் என்றும் சொன்னீர்கள். அதற்கு நான் என்ன செய்ய முடியும், வேலியே பயிரை மேய்ந்தால் யாரைக் கேட்பது.

என் வருத்தம் வேறு. ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன், என்னிடம் கேட்க வேண்டியதைச் சட்டையில் குத்திய மைக்கிடம் கேட்டான். நாலு பேர் பார்க்கப்போகும் படத்தில் வைத்து என்மேல் பரிதாபப்பட்டான். கூடப் பிறந்தவனுக்குச் செய்கிற துரோகம் இது என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அவனை மன்னிக்க எனக்கு இன்னும் மனது வரவில்லை.

ஏன் எழுப்பி அனுப்பினாய் என்று கேட்கிறீர்கள். ஒரு நாள் காலை கோச் என் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: "நீ பெரியவனாயிட்ட. இனிமே நீ வர வேணாம். உன் தம்பிய அனுப்பு." சரிங்க சார் என்றேன். என்ன விஷயமாக அனுப்புகிறேன் என்று தெரிந்துதான் அனுப்பினேன். முதல் தடவை அவனை எழுப்பிவிட்டு நான் திரும்பப் படுத்துத் தூங்கினேன், அப்படி ஒரு தூக்கம் அந்த விடுதியில் அதற்கு முன்னால் எனக்கு வாய்த்ததில்லை.

அவன் எங்கே இருக்கிறான் என்று உங்களுக்குத் தெரிந்தால் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவன் கேட்டது என் காதில் விழுந்தது. அண்ணனுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை என்று சொல்லுங்கள்.