இரண்டாவது குகையில் மாட்டிக்கொண்டவருக்குச் சில குறிப்புகள்

நால்வருக்கும் வாள் வாங்கிக் கொடுத்துவிட்டு இரண்டாவது குகையிலேயே நீங்கள் செத்துச் செத்து எழுந்திருப்பதாக ஏட்டையா சொன்னார். வருத்தப்படாதீர்கள் சார். புதிதாக ஆடுகிற எல்லோரும் செய்வதுதான். அம்புரோஸின் கயிற்றைக் கவனிக்காமல் போனில் அப்படி என்னத்தை ஆடிக்கொண்டிருந்தேன் என்று பார்க்க, சப்-இன்ஸ்பெக்டர் பொன்னுதுரையே அந்த கேமை இறக்கி ஆடுகிறார் என்பது எனக்குப் பெருமைதான். இந்த ஸ்டேஷனில் அதை உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க என்னை விட்டால் ஆளும் இல்லை.

உங்கள் படையில் நான்கு பேர். ஒருவன் முன்னால் நின்று அடி வாங்க வேண்டும். அவனுக்கு வாளைவிடக் கவசம் முக்கியம். இரண்டு பேர் பின்னால் நின்று அம்போ மந்திரமோ விட வேண்டும். நான்காவது ஆள் ஹீலர். அவன் யாரையும் அடிக்க மாட்டான், அடிபட்டவனுக்கு உயிரேற்றிக்கொண்டே இருப்பான். சண்டை போடாதவன் எதற்கு என்று புதியவர்கள் முதலில் அவனைத்தான் கழித்துவிடுவார்கள். நீங்களும் கழித்துவிட்டீர்கள். போதாததற்கு, முன்னால் நிற்பவனுக்கு உங்கள் பெயரையே வைத்திருக்கிறீர்களாம். தாராளமாக வையுங்கள், ஒரு கவசத்தையும் மாட்டிவிடுங்கள்.

என் படையில் முன்னால் நிற்பவன் பெயர் அம்புரோஸ். ஹீலர் பெயர் ஆன்டனி, அதாவது நான். கடலிலும் எங்களுக்கு அதே ஏற்பாடுதான். அம்புரோஸ் என் தங்கச்சி டெல்பினின் புருஷன். சங்கு எடுக்க அவன் இறங்குவான், அவன் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையை நான் வள்ளத்தில் பிடித்திருப்பேன். ஒரு இழுப்பு வந்தால் சங்குப் பையைத் தூக்க வேண்டும். தொடர்ந்து வந்தால் ஆளைத் தூக்க வேண்டும். எங்கள் பக்கம் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள். கூடப்பிறந்தவளின் தாலியை அறுக்க எவனும் துணிய மாட்டான் என்று ஒரு கணக்கு. மச்சான் பிடித்த கயிற்றை வேறு யாரும் தொடவும் மாட்டார்கள். தொட்டால் அவனைச் சந்தேகப்பட்டதாகிவிடும்.

அடுத்தது, சின்னக் காயத்துக்கெல்லாம் மருந்தைக் கொட்டாதீர்கள். நான் பதினொரு வருடம் அந்தத் தப்பைச் செய்தேன். அம்புரோஸ் இரண்டு முறை அசைத்தாலே பதறிக்கொண்டு தூக்கிவிடுவேன். கரைக்கு வந்தால் பேச்செல்லாம் அவன் போன ஆழத்தைப் பற்றித்தான். ஹீலருக்கு யார் சார் நன்றி சொல்கிறார்கள்?

போன மாதம் அவன் மகள் ஆனி கோயிலில் முதல்முறை நற்கருணை வாங்கியதற்குப் புதுநன்மை விருந்து. பந்தியில் நாற்பது பேர் இருக்கும். யாரோ ஒரு புண்ணியவான் என் கயிற்று வேலையையும் பாராட்டிவிட்டார். அம்புரோஸ் சிரித்தான்.

"இவனா? சும்மா கயிறப் புடிச்சிக்கிட்டு இருப்பான்லா. அதுக்கு ஒரு முளைக்குச்சி போதுமே."

பந்தியே சிரித்தது. டெல்பினும் சிரித்தாள். ஆனாலும் பிரியாணி பிரமாதம் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். மரியாதை தெரிந்த குடும்பம் எங்களுடையது.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு அம்புரோஸின் காற்றுக் குழாய் கீழே பாறையில் சிக்கி மடங்கியிருக்கிறது. அதை நீங்கள்தான் பிறகு கண்டுபிடித்தீர்கள். நான் தொடைமேல் போனை வைத்து, பதின்மூன்றாவது குகையின் அரக்கனோடு நின்றுகொண்டிருந்தேன். எங்களோடு வள்ளத்துக்கு வரும் ஜெனிஸ் பின்பக்கம், குழாய்க்குக் காற்று அனுப்பும் கம்ப்ரசரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏலே ஆன்டனி, கயிறு அசையுத மாரி இருக்கே," என்றான்.

"பாத்துக்கிட்டுதான்ல இருக்கேன்," என்றேன், தலையைத் தூக்காமல்.

அவன் திரும்பிக்கொண்டான். மச்சான் இருக்கும்போது அவன் எதற்குக் கவலைப்பட வேண்டும்?

இதை அவன் உங்களிடம் ஒரு வார்த்தை மாறாமல் சொல்லியிருக்கிறான். நீங்களும் விளையாட்டுப் பித்தில் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டீர்கள். ஊரும் அதையேதான் பேசுகிறது. டெல்பின்கூட போனைத்தான் சபித்தாள், என்னை ஒன்றும் சொல்லவில்லை. அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

கடைசியாக ஒன்று. எதிரி வந்ததும் நீங்கள் பதறிப்போய்த் திரையைப் படபடவென்று தட்டுகிறீர்களாம். அவசரமே தேவையில்லை. இது ஆளுக்கொரு முறை வைத்து அடிக்கிற ஆட்டம். உங்கள் முறை வந்துவிட்டால், நீங்கள் தொடும்வரை அரக்கன் ஓங்கிய கையோடு அப்படியே நிற்பான். போனை வைத்துவிட்டு டீ குடித்து வரலாம். ஓர் ஆளைக் கடலிலிருந்து தூக்கிப் படுக்க வைத்து, நெஞ்சை அமுக்கி, கரை சேர்த்துவிட்டும் வரலாம். ஒன்றும் குடிமுழுகாது.

இன்று சாயங்காலத்துக்குள் நீங்களே இதைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். பிறகு என்னிடம் வந்து கேட்பீர்கள். அதற்கு நானே சொல்லிவிடுவது மரியாதை. அன்று நான் திரையைத் தொடவே இல்லை சார். கயிறு இழுத்த இழுப்புகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பத்தொன்பது. இருபதாவது வந்திருந்தால் கண்டிப்பாகத் தூக்கியிருப்பேன்.