வெட்டிய மேல்வரி

என் பெயர் ஜோனா கிப்துய். வயது ஐம்பத்தொன்று. மலைமுகட்டு ஊரில் ஆட்டுச் சந்தைக்குப் பின்புறம் நீலக் கதவு போட்ட வீட்டில் மனைவியுடன் வசித்து வருகிறேன். கடந்த பதினான்கு ஆண்டுகளாக இவ்வூர்த் தனியார் மருத்துவ நிலையத்தில் ஈசிஜி எடுக்கும் வேலை பார்க்கிறேன். ஓட்டப் பயிற்சியாளர் பெனார்ட் சிர்மா, தம்மிடம் பயின்ற விவியன் ஜெலகாட், வயது இருபது, முன்பே மயங்கி விழுந்ததை மறைத்து அவளை ஓடவிட்டுச் சாகடித்தார் என்ற குற்றச்சாட்டில் காவலில் இருப்பது எனக்குத் தெரியும். அவர் மறைக்கவில்லை என்பதைச் சொல்லவே யாரும் அழைக்காமல் நானாகக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

எங்கள் ஊரில் பத்துப் பேரில் நான்கு பேர் ஓட்டக்காரர்கள். மீதி ஆறு பேர் அவர்களைப் பற்றி வம்பு பேசுகிறவர்கள். நான் இரண்டாம் வகை. ஓட்டக்காரர்களின் இதயம் மெதுவாகவும் பலமாகவும் துடிப்பதால், எங்கள் மிஷின் அவர்களில் பாதிப் பேரின் தாளில் மேல்வரியில் "இயல்பற்றது" என்று அச்சடித்துவிடும். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பையனின் தாளில் அந்த வரியைப் பார்த்துவிட்டு வெளிநாட்டுப் பந்தய அமைப்பாளர்கள் அழைப்பைத் திரும்பப் பெற்றார்கள். அவனுக்கு ஒன்றுமில்லை என்று நைரோபி டாக்டர் எழுதிக் கொடுப்பதற்குள் பந்தயம் முடிந்துவிட்டது. அதன் பிறகு நான் மேல்வரியைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டுத் தாளைக் கொடுக்கத் தொடங்கினேன். வெட்டிய துண்டுகளின் பின்பக்கத்தில், டீயும் மண்டாசி என்ற எண்ணெய்ப் பலகாரமும் வேண்டி, டீக்கடைக்குச் சீட்டு எழுதுவேன். டீயோடு திரும்பி வரும் சீட்டுகளை மாதக் கணக்குக்காக ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பேன். இதனால் எனக்குத் தையல்காரர் என்று பெயர். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

எங்கள் டாக்டர் வியாழக்கிழமை மதியம் மட்டும் வருவார். நான் சிவப்பு கிளிப் மாட்டி வைக்கும் தாள்களைத்தான் பார்ப்பார். மற்றவற்றில் கையெழுத்துப் போடுவார். எதற்குக் கிளிப் மாட்ட வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார். ஒவ்வொரு துடிப்பின் முடிவிலும் டி அலை என்று ஒரு சிறு மேடு வரும். மிஷினின் ஒயர்களை நெஞ்சில் பிடித்து வைக்கும் ரப்பர் கிண்ணங்களில், நடுவில் வைக்கும் முதல் சிலவற்றில் அது தலைகீழாக இருந்தால் நம் ஓட்டக்காரர்களுக்குப் பெரும்பாலும் சகஜம். இடது பக்கம் அக்குளை நோக்கிப் போகும் கடைசிக் கிண்ணங்களிலும் கவிழ்ந்திருந்தால் சகஜம் இல்லை. இதயத் தசை தடித்திருக்கலாம். மயங்கி விழுந்தவர் என்றால் அன்றே ஓட்டத்தை நிறுத்த வேண்டும்.

சென்ற வியாழக்கிழமை காலை, மறுநாள் தேர்வு ஓட்டத்துக்கு இதயச் சான்று வாங்க முப்பத்தொரு பேர் வந்தார்கள். விவியன் பதினேழாவது. படுத்தவுடன், "தையல்காரரே, கவுனுக்கு அளவா, கல்யாணத்துக்கா?" என்றாள். வெளியே இருந்த பெண்கள் சிரித்தார்கள். நான், "பேசாம படுடி. நிமிஷத்துக்கு நாப்பத்திநாலு துடிப்பு, மிஷினே கொட்டாவி விடுது" என்றேன். அதன் பிறகு அவள் சொன்னாள்:

"கோச் உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாரு. போன மாசம் செம்மண் மேட்டுல ஓடிட்டிருக்கப்பவே பொத்துன்னு விழுந்துட்டேன். ரெண்டு நிமிஷம் ஒண்ணுமே தெரியல. மறக்காம சொல்லுன்னு ரெண்டு தடவ சொன்னாரு."

"அன்னிக்குக் காலைல என்ன சாப்பிட்ட?"

"வெறும் டீ."

"அப்ப அது இதயம் இல்ல தாயே, வயிறு. வயித்துக்கு எங்கிட்ட மிஷின் இல்ல."

எல்லோரையும் விட அவள்தான் அதிகம் சிரித்தாள். சிரிப்பில் கோடுகள் ஆடியதால் இரண்டாம் முறை எடுத்தேன். அதன் பிறகு மேல்வரியை வெட்டினேன். அலைகளைப் பார்த்தேனா என்று அதிகாரி கேட்கிறார். கண் அதன் மேல் போனது, நான் பார்க்கவில்லை. மயங்கியதை எழுதவில்லை. கிளிப் மாட்டவில்லை. டாக்டர் மதியம் கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளின் நகலை நம்பித்தான் சிர்மா அவளை ஓடவிட்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை பத்தாயிரம் மீட்டர் தேர்வு ஓட்டம் நடந்தது. நான் வேலியோரம் வறுத்த சோளம் தின்றுகொண்டிருந்தேன். பத்தொன்பதாவது சுற்றில் இரண்டாவதாக வந்துகொண்டிருந்த விவியன், கையை ஊன்றாமல் முகம் குப்புற விழுந்தாள். முதலில் ஓடிப் போய்ச் சேர்ந்தவர் சிர்மா. அதன் பிறகு நான் போய் அவள் சட்டையை விலக்கி நெஞ்சை அழுத்தினேன். முந்தைய நாள் நான் வைத்த கிண்ணங்களின் வட்டத் தடம் அவள் இடது மார்புக்குக் கீழே மூன்று இடங்களில் இன்னும் மறையாமல் இருந்தது. அந்த வட்டங்களை ஒட்டி நெஞ்சின் நடுவில் கை வைத்து அழுத்தினேன். சிர்மா, "தையல்காரரே, நீங்க நல்லா இருக்குன்னுதானே சொன்னீங்க" என்று மூன்று முறை கேட்டார். நான் எண்ணிக்கையை விடக் கூடாது என்பதுபோல் எண்ணிக்கொண்டே இருந்தேன். நாற்பது நிமிடம் கழித்து ஆம்புலன்ஸ் வண்டி வந்தது.

அன்று மாலை துண்டுகள் போட்டு வைக்கும் பிஸ்கட் டின்னைக் கொட்டித் தேடினேன். ஒரு துண்டின் பின்பக்கத்தில் என் கையெழுத்தில் "பால் டீ ஆறு, மண்டாசி எட்டு" என்றிருந்தது. திருப்பினால் வியாழக்கிழமைத் தேதி, மணி பத்து நாற்பத்திரண்டு, அதை அடுத்து, "இயல்பற்றது. இடப்பக்க டி அலைகள் தலைகீழ். இதயத் தசைத் தடிப்பு இருக்கலாம். மருத்துவர் பார்க்கவும்." அதை மருத்துவ நிலையக் கோப்பில் இருந்த அவள் தாளின் மேல் வைத்தேன். என் கத்தரிக்கோல் நடுவில் கோணலாகப் போன இடம் இரண்டிலும் ஒன்றாகப் பொருந்தியது. தாளையும் துண்டையும் கத்தரிக்கோலையும் இத்துடன் ஒப்படைக்கிறேன்.

மேலே உள்ளது முழுவதும் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னபடியே உள்ளது. வயிற்றுக்கு மிஷின் இல்லை என்ற பேச்சு வழக்குக்குத் தேவையில்லை, வேண்டுமானால் நீக்கிவிடலாம் என்று அதிகாரி சொன்னார். எந்த வரியையும் வெட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) ஜோனா கிப்துய்