வாப்பாவின் பெயரை மூடுங்கள்

அவைக்கு அணியாய் அமர்ந்திருக்கும் தலைவர் திருமுருகன் அவர்களே! அலைகடலோடு அன்றாடம் மல்லுக்கு நிற்கும் பெரியோர்களே! மீன்கூடையை வாசலில் இறக்கிவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! இந்த ஜெக்கரியாவின் பணிவான வணக்கம்!

என்னம்மா? கேக்கலையா? ஒண்ணுமே புரியலையா?

எனக்கும்தான் புரியவில்லை! பூம்புகார்க் கரையில் புயல் எச்சரிக்கை வாசிப்பதற்கென்றே ஊர் கூடிக் கட்டிய சின்ன அறை இது. மூன்று சுவரிலும் கிரானைட் கல்; கல்லெல்லாம் உபயதாரர் பெயர்! இதற்குள் கல்யாண மண்டபத்தையே அதிரவைக்கும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளை வாங்கி வைத்தவன் நான். பெட்டி பெரிதானால் பேச்சு தெளியும் என்று நினைத்தேன். தெளிந்ததா? சத்தத்தைக் கூட்டினேன், இரைச்சல் கூடியது! மூலைக்கு நகர்த்தினேன், முழக்கம் முற்றியது! சிரிக்காதீங்க, நிஜமாத்தான்!

ஆனால் சென்ற வாரம் நடந்தது சிரிப்பதற்கில்லை. இதே பெட்டியில் எச்சரிக்கை வாசித்தார்கள். ஒரு சொல்லும் விளங்கவில்லை. மாரியப்பன் படகை இறக்கிவிட்டார். அவர் மனைவி தையல்நாயகி இரண்டு நாள் கரையிலேயே நின்றார். கடல் மாரியப்பனைத் திருப்பித் தந்தது. தராமல் போயிருந்தால்? நான் எந்த முகத்தோடு இங்கே நிற்பேன்?

நேற்று மழை தூறியதும் அந்தத் தங்கை தையல்நாயகிதான் வெளியே விரித்திருந்த ஜமுக்காளங்களை உள்ளே கொண்டுவந்து, சுவரோரக் கொடியில் போட்டார். என்னை அண்ணனாக நினைத்து 'நானா' என்று கூப்பிடும் மைக்செட் சித்தீக் தன் சின்னப் பெட்டியில் பேசிப் பார்த்தார். கணீரென்று கேட்டது!

"நானா, வழவழன்னு இருக்கிற கல்லு குரலை அப்படியே திருப்பி அடிக்குது. துணி போட்டா அடங்கிடும். இந்த ரூமுக்குச் சின்னப் பெட்டியே போதும்" என்றார், ஜமுக்காளங்களைக் கொடியிலிருந்து எடுத்துச் சுருட்டிக்கொண்டே.

"அப்ப ஜமுக்காளத்த ஏன் எடுத்தீங்க?" என்றேன்.

தலையைச் சொறிந்தார். "பேரெல்லாம் மறையுதே நானா. உங்க வாப்பா பேரும் இருக்கே."

நேற்றிலிருந்து குழம்பிக் கிடக்கிறேன். குவைத் வெயிலில் வேலை பார்த்தபோதெல்லாம் ஆசைப்பட்டு, ஊர் வந்து பதித்த பெயர் அது. பெயர் பொறிக்கவா கட்டினோம்? உயிர் காக்கவா கட்டினோம்? விடை தெரிகிறது, ஆனாலும் மனசு கேட்கமாட்டேன் என்கிறது!

சித்தீக், பெரிய பெட்டிகளை நிறுத்துங்க! சின்னதைப் போடுங்க! தையல்நாயகி, போடும்மா ஜமுக்காளத்தை! ஏன் தயங்குறே? அந்தக் கல்லுதாம்மா. அப்துல் வஹாப். என் வாப்பாதான். மூடு!

கடைசி வரிசை! மாரியப்பன், கேக்குதா?

"நல்லாக் கேக்குது பாய்!"

அப்படியானால் என் பேச்சு போதும். இன்றைய கடல் நிலவரத்தைத் தையல்நாயகி வாசிப்பார். என் தந்தையின் பெயரை மூடிய கைகளுக்கு நன்றி. முதலில் ஒருமுறை சொன்னேன், யாருக்கும் கேட்கவில்லை. இப்போது சொல்கிறேன்: வணக்கம்!