கொக்கி இல்லாத செருப்பு

மேடையில் இருக்கும் மேற்பார்வையாளர் ஐயா அவர்களே, சங்கத் தலைவி அம்மா அவர்களே, வேலை முடிந்து ஈரக் கையோடு வந்து உட்கார்ந்திருக்கும் அக்காமார்களே, முன்வரிசையில் தலைகுனிந்து இருக்கும் அக்காவின் மகனே, எல்லோருக்கும் என் வணக்கம்.

இந்த மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் தலைமைத் தொழிலாளி, நாம் வண்டி அக்கா என்று கூப்பிட்டவர், இன்று நம்மிடையே இல்லை. நான் எட்டாவதோடு நின்றவள். மேடையில் பேசிப் பழக்கமில்லை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அழுக்குத் துணி வண்டியை அக்கா என்றாவது யாரிடமாவது கொடுத்திருக்கிறாரா? "வண்டியை உங்க பேருக்கு எழுதி வாங்கிட்டீங்களாக்கா?" என்று கேலி செய்தோம். "ஆமாடி, எங்கப்பன் வீட்டுச் சொத்து" என்பார். அதன் மேல் சாய்ந்து குனிந்தால்தான் அவரால் நடக்க முடிந்தது என்பது நம்மில் யாருக்குத் தெரியும்?

எனக்கும் தெரியாது. நானும் இதே கூடத்தில் வேலை செய்யும் என் அம்மாவும் வேலை முடிந்து பேருந்துக்கு நடக்கும்போது, அம்மா பாதி வழியில் நின்று செருப்பைச் சரிசெய்யக் குனிவார். நான் நம்பினேன். ஒரு நாள் பின்னால் வந்த அக்கா சிரித்தார்.

"ஏன் தங்கச்சி, உன் செருப்புல கொக்கியும் இல்ல, கயிறும் இல்ல. எதைச் சரி பண்ற?"

"மண்ணு புகுந்துடுச்சுக்கா."

"எங்கிட்டயேவா? நானும் எத்தனையோ வருஷமா அந்த மண்ணைத்தான் தட்டிக்கிட்டிருக்கேன். கால் மரத்துப்போகுதா?"

அம்மா குனிந்தபடியே செருப்பைத் தட்டினார். அக்காவும் பக்கத்தில் மதிலைப் பிடித்துக் குனிந்தார். இரண்டு பேரும் எதையோ தொலைத்துவிட்டார்கள் என்று நினைத்து, வழியில் போன ஒருவர் தானும் சேர்ந்து தேடினார்.

அவர் போனதும் அக்கா சொன்னார்: "நம்ம வெந்நீர்க் குழாய்க்குள்ள உப்பு படிஞ்சு துவாரம் சின்னதாகுதுல்ல? எனக்கு முதுகெலும்புக்குள்ள அப்படித்தான். நடுவுல நரம்பு மாட்டிக்கிச்சு. நிமிர்ந்தா நெருக்குது, குனிஞ்சா விடுது. ஆபரேஷனை நான் தள்ளித் தள்ளிப் போட்டேன். இப்ப பாதம் தரையில இருக்கா இல்லையான்னே தெரியல. நீ இப்பவே போய்க் காட்டு."

"நீங்க முதல்ல போங்கக்கா. அப்புறம் பார்க்கலாம்."

"வீம்பு புடிச்சவ. சரி, சேர்ந்தே போவோம்."

ஆயிரம் நோயாளிகளின் படுக்கை விரிப்பைத் துவைத்துக் கொடுத்தவருக்கு, அதே கட்டடத்தில் இருக்கும் டாக்டரிடம் திரும்பிப் போக நேரம் இல்லாமல் போனதே. இதை யாரிடம் சொல்லி அழுவது? போன வாரம் வீட்டுப் படியில் இறங்கும்போது, கால் வைத்தது படியிலா வெறும் காற்றிலா என்று அவருக்குத் தெரியவில்லை. தலையில் அடி. கண் திறக்கவே இல்லை.

அக்காவுக்கும் அம்மாவுக்கும் டாக்டர் கொடுத்த நாள் நாளைக் காலை.

அக்காவின் வண்டியை இனி யார் தள்ளினாலும், அவர் குனிந்தால் கேலி செய்யாமல், ஏன் என்று கேட்போம். இது என் வேண்டுகோள். இன்னொன்றை நான் என் அம்மாவிடம் சொல்ல வேண்டும். வீட்டில் சொன்னால், "அக்காவே போயிட்டாங்க, இனிமே என்ன" என்று வாயை அடைத்துவிடுகிறார். அம்மாவும் உங்களோடுதான் உட்கார்ந்திருக்கிறார், அதனால் உங்கள் முன்னால் சொல்கிறேன்.

அம்மா, நாளைக்குப் போறோம். அக்காவுக்குக் கொடுத்த நேரத்துக்கே போறோம். வழியில எத்தனை தரம் வேணும்னாலும் குனிஞ்சுக்கோ, நான் பக்கத்துல நிக்கிறேன். செருப்பைச் சரி பண்றேன்னு மட்டும் சொல்லாதம்மா.