நான்கு பொந்துகள்

மோட்டார் கொட்டகைக்குப் பூட்டு வாங்குகிறவர்கள் பூட்டின் கனத்தைத்தான் பார்க்கிறார்கள். கொண்டி எத்தனை ஆணியில் நிற்கிறது என்று பார்ப்பதில்லை. இந்த அறையின் கதவையே பாருங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. மூன்று ஆணியில் ஒன்று கழன்றிருக்கிறது. நான் வந்து உட்கார்ந்ததிலிருந்து அதுதான் கண்ணில் படுகிறது.

என் டிரைவர் செங்கோடன் இறந்தது விபத்து என்று நீங்கள் எழுதி முடித்துவிட்டீர்கள். ஆனாலும் கொட்டகையைப் பற்றிச் சில விவரங்கள் விட்டுப்போயின. அவற்றைச் சொல்லத்தான் வந்தேன்.

நாமக்கல்லில் என் வீட்டுக்குப் பின்னால், புளியமரங்களைத் தாண்டிக் காருக்காக அந்தக் கொட்டகையைக் கட்டினேன். கருங்கல் சுவர், தேக்குக் கதவு. கூரையை ஒட்டிக் காற்றுக்காக நான்கு பொந்துகள். வாசலில் தினமும் எறும்புக்கு நொய் போடுவேன். வழிப்போக்கருக்கு ஒரு பானைத் தண்ணீரும் உண்டு. வாயில்லா ஜீவனுக்கு இடும் ஒரு கைப்பிடி வீண்போகாது என்பது என் நம்பிக்கை.

யுத்தம் வந்தது. பெட்ரோல் ரேஷன் ஆயிற்று. எல்லோரையும் போல நானும், பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் வண்டி ஓட, காரின் பின்னால் கரி கேஸ் அடுப்பை மாட்டினேன். டயர் எங்கும் கிடைக்கவில்லை. ராசிபுரத்தில் ஒருவருடைய கொட்டகையில் பொந்து வழியாக இறங்கி நான்கு டயரையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாப்பாட்டின் நடுவே எழுந்து போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். திரும்பி வந்து கை கழுவும்போது சரியாக இழுத்தோமா என்று சந்தேகம் வரும். மறுபடி போவேன்.

கடைசியில் ஒரு புதன்கிழமை கொத்தனாரை அழைத்து நான்கு பொந்தையும் அடைத்தேன்.

"இந்தக் கொட்டாய்க்குள்ள பெருமாளையே வெச்சுப் பூட்டலாமுங்க சாமி. அவராலயும் வெளிய வர முடியாது" என்று செங்கோடன் சிரித்தான்.

மறுநாள் அவன் சிரிக்கவில்லை. கொட்டகைக்குள் நுழைந்த ஒரு கோழியும் ஏழு குஞ்சுகளும் அடுப்பின் அருகே செத்துக் கிடந்தன. உடம்பில் ஒரு காயமில்லை.

"கரி உள்ளுக்குள்ள கனிஞ்சுக்கிட்டே இருக்குமுங்க. அந்தக் காத்து போக வழியில்லீங்க. பொந்தைத் தொறந்து உடுங்க சாமி. இன்னைக்குக் கோழி, நாளைக்கு ஆளுங்க."

நான் ஒப்புக்கொண்டேன். கோழியையும் குஞ்சுகளையும் என் கையாலேயே புதைத்து ஒரு விளக்கு வைத்தேன். பொந்தைத் திறக்கத் திங்கட்கிழமை வரும்படி கொத்தனாருக்குச் சொல்லியனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை செங்கோடன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான். பட்டாளத்துக்கு டிரைவர் எடுக்கிறார்கள், மறுநாள் பதினொரு மணிக்குக் கோட்டை மைதானத்திலிருந்து லாரி புறப்படுகிறது என்றான்.

"உனக்கு இங்கே என்ன குறை?"

"குறை ஒண்ணுமில்லீங்க. நானும் நாலு சீமை பாக்கோணுமுங்க."

"குண்டு விழுகிற சீமையடா."

"உழுந்தா உழுவுதுங்க. எட்டு வருசமா இந்தக் கொட்டாயத்தான பாத்துக்கிட்டு இருக்கறனுங்க."

அவனுக்குக் காய்ச்சல் வந்தபோது என் கையால் கஞ்சி ஊற்றியவன் நான். அவன் எங்கோ பர்மாக் காட்டில் கிடப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கரி கேஸ் வண்டியை ஓட்ட அவனை விட்டால் இந்தத் தாலுகாவில் ஆள் இல்லை என்பதும் உண்மைதான். அது ஒரு பக்கம் இருக்கட்டும்.

மறுநாள் புரட்டாசிச் சனி. அன்று விடிந்ததிலிருந்து நடுப்பகல் நைவேத்தியம் வரை நான் மௌன விரதம். காலையில் அவன்தான் என்னைக் கோயிலுக்கு அழைத்துப் போய் வந்தான். வண்டியை உள்ளே விட்டு, "கடைசியா ஒருக்கா தொடச்சு வெச்சுட்டுக் கெளம்பறனுங்க சாமி" என்றான். நல்ல பையன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் துணியை நனைத்தான்.

நான் கதவைச் சாத்திப் பூட்டினேன். லாரி போகும் வரைதான். மூன்று மணி நேரம் ஒருவனைப் பத்திரமாக வைத்திருப்பது பாவம் என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை.

அடுப்பு சூடாகத்தான் இருந்தது. ஆமாம், கோழி என் நினைவில் இருந்தது.

முதலில் கூப்பிட்டான். "சாமி, கதவு சாத்திக்கிச்சுங்க" என்றான். காற்றுச் சாத்தியது என்று நினைத்திருப்பான். பிறகு கதவை இடித்தான். நான் மௌனத்தில் இருந்தேன், பதில் சொல்ல வழியில்லை. பூட்டைத் திறக்க வாய் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அதை நானும் யோசித்தேன். வீட்டின் பின்கட்டுக்கும் புளியமரத்துக்கும் இடையே எத்தனை முறை நடந்தேன் என்று நினைவில்லை. ஒருமுறை சாவியைப் பூட்டில் நுழைத்தும் விட்டேன். அப்போது மணி பத்தே கால். லாரி இன்னும் புறப்படவில்லை.

பத்தரைக்கு அவன் மனைவி பெருமாயி சோற்றுப்போசியோடு வந்தாள். வழியனுப்ப வந்தவள், மணி பார்க்கத் தெரியாதவள், நடந்து களைத்திருந்தாள். சைகையால் அவளை நிழலில் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தேன். அப்போது கூச்சல் இல்லை. விட்டு விட்டு ஒரு தட்டல் மட்டும் மெதுவாகக் கேட்டது.

அவள் காதைச் சாய்த்தாள். "என்னங்க சாமி, டயரு தட்டிக்கிட்டு இருக்காருங்களா?"

நான் தலையசைத்தேன்.

"போறன்னைக்கும் அந்தக் காரைத்தான் கொஞ்சோணுமா இவுரு" என்று சிரித்தாள். இன்னொரு குவளை மோர் ஊற்றினேன்.

சிறிது நேரத்தில் தட்டல் நின்றது. பதினொன்றரைக்கு அவள் முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனபோது பூட்டைத் திறந்தேன். பெட்டிகளை அடுக்கி ஏறி, ஸ்பானரால் ஒரு பொந்தின் பூச்சைக் குத்தியிருக்கிறான். விரல் நுழையும் அளவுக்குக்கூடப் பெயரவில்லை. கொத்தனார் நன்றாகத்தான் பூசியிருந்தார். டயர்கள் நான்கும் அப்படியே இருந்தன.

கதவு தானாகச் சாத்திக்கொண்டிருக்க வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். பூட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எறும்புக்கும் நொய் போடுகிற வீடு என்று பெருமாயி உங்களிடம் சாட்சி சொன்னாளே.

அவளால்தான் இன்று வந்தேன். சனிக்கிழமைதோறும் வந்து அதே நிழலில் உட்காருகிறாள். "எந்திரிச்சுப் போய்க் கூப்புட்டிருந்தா வந்திருப்பாருங்க. மோரு குடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேனே பாவி" என்று தலையில் அடித்துக்கொள்கிறாள். உன்மேல் தப்பில்லை அம்மா என்று நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன். அவள் நம்பவில்லை. நீங்கள் சொன்னால் நம்புவாள்.

பூட்டியதை எழுதிக்கொள்ளுங்கள். பொந்தை அடைத்ததையும் கோழியையும் சாவியை நுழைத்து எடுத்ததையும் எழுதுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். தலையசைத்ததை மட்டும் விட்டுவிடுங்கள். இந்த வயதுவரை நான் ஒருவரிடமும் பொய் சொன்னதில்லை.