கல்யாணப் பொண்ணுக்கு ஒரு பதில்

ஒட்டுக்கேட்பது தப்புதான். ஆனால் காலையில் தாமல் பஸ்ஸில் முன் சீட்டிலிருந்து இப்படி ஒரு பேச்சு வந்தால் என்ன செய்வது?

“‘ப்ராபப்ளி’ன்னு போட்டா அமெரிக்காவுல அந்தக் கல்யாணப் பொண்ணு தூங்காதுணா.”

போனும் கையுமாகத் தங்கச்சி. பக்கத்தில் நெசவுக்கார அண்ணன்.

“முகூர்த்தத்துக்குப் பொடவ வந்துடுமான்னுதானே கேக்குது? ‘டெஃபனட்லி’ போடுமா.”

“பாவு நூல இன்னும் தெருவுல நீட்டிக் கஞ்சியே போடல. மழ வந்துட்டா?”

“அப்போ ‘ஹோப்ஃபுலி’?”

“அது சாமி மேல பாரத்தப் போட்டுட்டு நாம கைகழுவுற மாதிரி இருக்குதுணா.”

போன் அடித்தது. பேசிவிட்டுச் சிரித்தாள்.

“அண்ணிதான். நல்லா வெய்யில் வந்துட்டுதாம். நம்மளுக்குக் காத்துக்கினு இருக்காம தெருவே சேந்து பாவு நீட்டிடுச்சாம். போட்டோ அனுப்பிக்கிறாங்க.”

“இப்போ போடு, ‘டெஃபனட்லி’!”

“தறியிலயே இன்னும் ஏறலியே. ‘ப்ராபப்ளி’தான் போட்டேன். கூடவே அந்த போட்டோவையும் அனுப்பிட்டேன்.”

அடுத்த ஸ்டாப் வருவதற்குள் பதில் வந்துவிட்டது.

“இன்னாம்மா சொல்லுது?”

“‘குட் நைட்’டாம்ணா.”